முதல் காதலை நினைத்துப் பார்க்கும் உரிமை யாருக்கு? அழகி, ஆட்டோகிராப், 96 குறித்து

கேள்வி: வெண்திரை

அனைவருக்கும் வணக்கம். முதல் காதலின் நினைவைச் சொல்லும் தமிழ்ப் படங்கள் என்றதும் பெரும்பாலோர் சொல்லும் பெயர்கள் தங்கர் பச்சானின் 'அழகி' (2002), சேரனின் 'ஆட்டோகிராப்' (2004), பிரேம்குமாரின் '96' (2018) ஆகியவைதான். இம்மூன்றையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். மூன்றுமே என்னை நெகிழ வைத்தன. ஆனாலும் பார்த்து முடித்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை.

மூன்றிலும் பழைய நாள்களை நினைத்துப் பார்ப்பவன் ஆண். 'அழகி'யில் சண்முகம் நினைக்கிறான், தனலட்சுமி நினைக்கப்படுகிறாள். 'ஆட்டோகிராப்'பில் செந்தில் தன் திருமண அழைப்பிதழைக் கொடுக்க ஊர் ஊராகச் செல்கிறான். அவனுடைய பழைய காதலிகளான கமலாவும் லத்திகாவும் அவன் வந்து கதவைத் தட்டும் வரை கதைக்கு வெளியே காத்திருக்கிறார்கள். '96'இல் ராம் தான் படித்த தஞ்சாவூர்ப் பள்ளிக்குள் நுழைந்த பிறகுதான் படத்துக்குள் 1990களே வருகின்றன. பெண்ணுக்கு முதல் காதல் இல்லாமலா போய்விட்டது? அவளும் நினைத்துக்கொண்டுதானே இருப்பாள்? அந்த நினைவை அவள் பக்கம் நின்று சொன்ன தமிழ்ப் படங்கள் எவை? இல்லையென்றால், ஏன் இல்லை? இந்தப் படங்களைக் குறை கூறும் நோக்கம் எனக்கில்லை. இவற்றை மிகவும் நேசிப்பதால்தான் கேட்கிறேன்.

மறுமொழி: மாலைக்காட்சி

நல்ல கேள்வி. ஆனால் 2002இலிருந்து தொடங்கினால் விடை முழுமையாகக் கிடைக்காது. நாற்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல் வந்தது. நோயுற்ற கணவனை மருத்துவமனையில் சேர்க்க வரும் சீதா, அங்கே மருத்துவராக இருப்பவன் தன் பழைய காதலன் என்று அறிகிறாள். தான் பிழைக்காவிட்டால் அந்த மருத்துவரையே அவள் மணந்துகொள்ள வேண்டும் என்று கணவன் சொல்ல, அவள் மனம் உடைந்து பாடுவதுதான் 'சொன்னது நீதானா'. அந்தப் பாட்டில் அவள் காதலனை நினைத்து ஏங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தன்னை இன்னொருவனுக்கு உரியவளாக எண்ணிப் பார்க்கக் கணவனுக்கு எப்படி மனம் வந்தது என்றுதான் கேட்கிறாள். பழைய காதல் அவளுக்கு இனிய நினைவாக வருவதில்லை. தன் கற்பை மறுபடியும் மெய்ப்பிக்க வேண்டிய சோதனையாகவே வருகிறது. ஏங்கும் உரிமை காதலனான மருத்துவருக்கு உண்டு. கணவனைக் காப்பாற்றிவிட்டு உயிரையும் விட்டு, அந்த ஏக்கத்தை அவர் தியாகமாக்கிக்கொள்கிறார். அவளுக்கு அந்த வழிகூட இல்லை.

கே. பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) இன்னும் வெளிப்படையானது. அதில் கணவனே மனைவியை அவளுடைய காதலனிடம் சேர்த்து வைக்க முன்வருகிறான். படம் பார்க்கும் நாமும் காதலனான பாலக்காட்டு மாதவன் பக்கம்தான் இருக்கிறோம். இருந்தும் கடைசியில் தாலியைக் கழற்ற மனைவி வசந்தியால் முடியவில்லை. மாதவனும் அதை ஏற்றுக்கொண்டு விலகிப் போகிறான். அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கலாம். என் கருத்தில், அது பாக்யராஜ் தம் காலத்துப் பார்வையாளர்களை மிகத் துல்லியமாகப் படித்து எழுதிய முடிவு. மணமான பெண்ணின் பழைய காதலைத் திரையில் காட்டலாம், அதற்காகக் கண்ணீரும் விடலாம், ஆனால் அவள் அதைச் சுகமாக அசைபோடுவதைக் காட்டக் கூடாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. நீங்கள் சொல்லும் மூன்று படங்களில் நினைப்பவன் ஆணாக இருப்பது அந்த விதியின் தொடர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி: செம்மண் காடு

மாலைக்காட்சி அவர்கள் சொன்ன வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் 'அழகி'யை மற்ற இரண்டோடு ஒரே கூடையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தங்கர் பச்சானைப் போல நானும் பண்ருட்டிப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதால் அந்தப் படத்தின் மீது எனக்குச் சிறிது கூடுதலான பற்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கர் பச்சான் தாமே எழுதிய 'கல்வெட்டு' என்ற சிறுகதையைத்தான் 'அழகி'யாக்கினார். அந்தக் கதையின் வலிமை சண்முகத்தின் ஏக்கத்தில் இல்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இருவரில் ஒருவன் நகரத்தில் வீடும் குடும்பமும் பெற்றிருக்க, மற்றவள் அதே நகரத்தின் நடைபாதையில் மகனோடு கிடக்கிறாள் என்பதில்தான் இருக்கிறது. அவள் படிப்பை விட்டதும், விருப்பமில்லாத திருமணத்துக்குள் தள்ளப்பட்டதும், சென்னைக்கு வந்து சேர்ந்ததும் காதல் தோல்வியின் கிளைக்கதைகள் அல்ல; படத்தின் உயிரே அவைதாம். சண்முகத்தால் உட்கார்ந்து நினைக்க முடிகிறது, ஏனென்றால் அவனுக்கு உட்கார ஒரு வீடு இருக்கிறது. தனலட்சுமிக்கு அடுத்த வேளைச் சோறும் மகனின் படிப்பும்தான் கவலை. அவள் நினைக்கவில்லை என்று படம் சொல்லவில்லை. நினைப்பதற்கு அவளிடம் நேரம் விட்டுவைக்கப்படவில்லை என்று சொல்கிறது. தனலட்சுமியாக நடித்த நந்திதா தாஸின் முகம் அதை வசனமின்றியே சொல்லிவிடுகிறது. பழைய காதலன் வீட்டிலேயே வேலைக்காரியாக நுழையும்போது அவள் கண்களில் காதலைவிடக் கூச்சம்தான் மிகுதி.

சண்முகத்தின் மனைவி வளர்மதியையும் மறக்கக் கூடாது. பழைய காதலி திரும்பி வரும் படங்களில் மனைவி ஒன்று அசடாக இருப்பாள், அல்லது கொடுமைக்காரியாக இருப்பாள். தேவயானி ஏற்ற வளர்மதியோ தன் இடம் தன் வீட்டுக்குள்ளேயே மெல்ல நழுவுவதை உணர்கிறாள். அதற்கு அவள் யாரையும் குற்றவாளியாக்க முடியாமல் தவிக்கிறாள். இளையராஜாவே பாடிய 'உன் குத்தமா என் குத்தமா' சண்முகத்தின் பாட்டாக ஒலித்தாலும், அந்த மூவரில் யார் பாடினாலும் பொருந்தும். கணவனின் நினைவு மனைவிக்கு என்ன விலையாகிறது என்று கேட்ட அளவில் 'அழகி' பிற்காலப் படங்களைவிட நேர்மையானது என்பேன். 'ஆட்டோகிராப்'பில் பழைய காதலிகளும் செந்திலின் திருமணத்துக்கு வந்து வாழ்த்துகிறார்கள். அந்தக் காட்சி அழகுதான்; ஆனால் மணப்பெண் அன்று என்ன நினைத்தாள் என்று படம் கேட்கவே இல்லை.

மறுமொழி: கடைசிப் பெட்டி

பெண் நினைக்கும் படங்கள் இல்லாமல் இல்லை. மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) படத்தில் காதலன் மனோகருடைய கதை முழுவதும் மணமான திவ்யாவின் நினைவுதான். அதை அவளே கணவனிடம் சொல்கிறாள், அவனும் கேட்டுக்கொள்கிறான். மாலைக்காட்சி அவர்கள் சொன்ன விதி அங்கேயே தளர்ந்துவிட்டது. ஆனால் மனோகர் இறந்துவிட்டான் என்பது கவனிக்கத்தக்கது. இறந்த காதலனைப் பெண் நினைக்கலாம், உயிரோடு இருப்பவனை நினைத்தால் குடும்பம் ஆட்டம் காணும் என்ற அச்சம் அந்தக் கதையமைப்புக்குள் இருக்கிறது. அட்லியின் 'ராஜா ராணி' (2013) இதைச் சற்று நகர்த்தியது: ரெஜினா தன் காதலன் இறந்துவிட்டான் என்று நம்பி அழுதவள், அவன் உயிரோடு எதிரே வந்து நிற்கும்போது அவளுக்கே வேறு மனம் அமைந்துவிட்டிருக்கிறது.

மறுமொழி: பாட்டுப் புத்தகம்

'96' படத்தில் நினைப்பவன் ராம் மட்டுமே என்ற கருத்தோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். படம் அவனிடம் தொடங்குகிறது என்பது உண்மை. அவன் பெட்டிக்குள் பழைய பொருள்களைச் சேர்த்து வைத்திருப்பவன். ஆனால் அவனுடைய பள்ளிக் காதலி ஜானு வந்த பிறகு கதை சொல்லும் பொறுப்பைப் படம் அவளிடம் ஒப்படைக்கிறது.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, ராமின் மாணவிகள் அவளை அவனுடைய மனைவி என்று எண்ணி, இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்கும் காட்சி. ராம் கல்லூரிக்குத் தேடி வந்ததும், பெயர்க் குழப்பத்தால் அது தெரியாமலேயே தான் அவனைத் திருப்பி அனுப்பியதும் அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாளை அவள் வேறு விதமாகச் சொல்கிறாள். நடக்காத சந்திப்பை நடந்ததாக்கி, அந்தப் பெண்களுக்கு முன்னால் ஒரு முழு வாழ்க்கையையே உருவாக்கிவிடுகிறாள். ராம் வைத்திருப்பது நடந்தவற்றின் எச்சங்கள். ஜானு வைத்திருப்பது நடந்திருக்க வேண்டியது. இவற்றில் எது ஆழமான நினைவு என்று கேட்டால் நான் தயங்காமல் ஜானுவினுடையது என்பேன். கணவனும் குழந்தையும் சிங்கப்பூரில் இருக்க, மணமான ஒரு பெண் இப்படியொரு கற்பனையைப் பிறர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்வதையும், அதற்காகப் படம் அவளைத் தண்டிக்காமல் இருப்பதையும் 1962இன் சீதாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, 'யமுனை ஆற்றிலே'. பள்ளி நாள்களில் ராம் எத்தனை முறை கேட்டும் அவள் பாட மறுத்த பாட்டு அது. மின்சாரம் நின்றுபோன இருட்டில், பக்கவாத்தியம் எதுவுமின்றி, அவள் தானாகவே அதைப் பாடத் தொடங்குகிறாள். சின்மயியின் குரல் மட்டுமே கேட்கிறது. அவன் இருட்டில் தட்டுத் தடுமாறி வெளிச்சம் தேடி ஓடுகிறான். எப்போது பாடுவது என்று முடிவெடுத்தவள் அவள். அந்தப் பாட்டின் பழைய வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1991இல் வந்த 'தளபதி'யில் வாலி எழுதி இளையராஜா இசையமைத்த சிறிய பாட்டு அது. அந்தப் படத்தில் அதைப் பாடும் சுப்புலட்சுமி, தான் விரும்பிய சூர்யாவை அடைய முடியாமல் அவனுடைய தம்பியான ஆட்சியரை மணக்கிறாள். கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையின் பாட்டு, சுப்புலட்சுமியின் பாட்டாகி, கடைசியில் ஜானுவிடம் வந்து சேர்கிறது. மூவருமே காத்திருந்த பெண்கள். பிரேம்குமார் இளையராஜாவின் ஆயிரக்கணக்கான பாடல்களிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை. படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா அந்த இடத்தில் தம் இசையை முழுவதும் ஒதுக்கி வைத்ததும் பெரிய முடிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்க் குழப்பம் கைப்பேசி இல்லாத காலத்தில்தான் நடக்கக்கூடியது. கல்லூரி வாசலில் நிற்பவன் யாரிடமாவது சொல்லி அனுப்பினால்தான் உண்டு. பழைய வகுப்பு நண்பர்கள் ஒன்றுகூடுவதற்கு வழிவகுப்பதோ வாட்ஸாப் குழு. 1990களில் பிரிந்தவர்களைக் கைப்பேசி மறுபடி சேர்க்கிறது என்பதாலேயே அந்தத் தலைமுறைக்கு இந்தப் படம் அவ்வளவு நெருக்கமானது.

மறுமொழி: வெண்திரை

விரிவாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடைபாதையில் இருப்பவளுக்கு நினைக்க நேரம் விட்டுவைக்கப்படவில்லை என்று செம்மண் காடு அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு 'அழகி'யை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. 'யமுனை ஆற்றிலே' குறித்து எழுதப்பட்டதையும் முழுமையாக ஏற்கிறேன். ஜானுவின் பக்கத்தை என் கேள்வியில் நான் குறைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறேன்.

ஆனாலும் ஒரு வேறுபாடு எஞ்சியிருக்கிறது. 'அழகி'யில் சண்முகத்தின் நினைவு வளர்மதியை என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். 'மௌன ராகம்' படத்தில் திவ்யாவின் கணவன் சந்திரகுமார் கேட்டுக்கொள்வதையும் பார்க்கிறோம். '96'இல் ஜானுவின் கணவர் திரையில் எங்குமே இல்லை. ராமும் ஜானுவும் சேர்ந்து கழிக்கும் அந்த இரவின் மென்மையைக் காக்க இயக்குநருக்கு அந்த இல்லாமை தேவைப்பட்டிருக்கலாம். ஜானு ஊர் திரும்பிய பின், அந்த இரவைப் பற்றி வீட்டில் எதைச் சொல்வாள், எதை மறைப்பாள், அவர் எப்படிக் கேட்டுக்கொள்வார் என்ற இடத்திலிருந்து தொடங்கும் ஒரு தமிழ்ப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. யாரேனும் பார்த்திருந்தால் பெயரைக் குறிப்பிடுங்கள். மொழிமாற்றுப் படமாக இல்லாமல், நேரடித் தமிழ்ப் படமாக இருந்தால் நல்லது.