ஆஃப்-ரோடிங்: ‘தடம்விடு ஓட்டம்’ என்று சொல்லலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

தார்ச்சாலைக்கு வெளியே வண்டி ஓட்டுவதை ஆங்கிலத்தில் ‘ஆஃப்-ரோடிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் செயலுக்குப் பெயர் தேடுகிறோம் என்பதிலேயே நமக்குள் ஒரு குழப்பம் இருப்பதாகத் தோன்றுகிறது. அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்துக்குப் போகிறவர்களுக்கான ஒரு குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். “அங்கே ஆஃப்-ரோடு ஓட்டுவதற்குத் தடை” என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், “அப்படியென்றால் மலைக்குள் போகிற மண்பாதையிலும் போகக் கூடாதா?” என்று கேட்டார். போகலாம். ‘எஃப்’ என்ற எழுத்தும் எண்ணும் இட்ட மலைப்பாதைகள் அங்கே நிறைய உண்டு. தார் கிடையாது, பல இடங்களில் பாலமும் கிடையாது, ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தால், கோடையில் பாதை திறந்திருக்கும்போது தாராளமாகப் போகலாம். அந்தப் பாதையிலிருந்து ஒரு வண்டி அகலம் விலகிப் பாசியின் மேல் ஏறுவதைத்தான் சட்டம் தடுக்கிறது.

நண்பர் தவறாகப் படிக்கவில்லை. நான்தான் இரண்டு வேறு செயல்களுக்கு ஒரே சொல்லைப் போட்டிருந்தேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டையும் சேர்த்தே சுமக்கிறது. ஏற்கெனவே இருக்கிற கரடுமுரடான தடத்தில் ஓட்டுவதும் அதுதான், தடமே இல்லாத நிலத்தில் ஏறுவதும் அதுதான். ஓட்டுகிறவருக்கு இரண்டிலும் குலுக்கல் ஒன்றாகவே இருக்கலாம். நிலத்துக்கு அப்படி இல்லை.

இனி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> சாலையிலா ஓட்டம்

நேரான மொழிபெயர்ப்பு, புரியவும் செய்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன குழப்பம் இதில் அப்படியே நீடிக்கிறது. மண்தடம் ‘சாலை’ ஆகாது, எனவே அதில் ஓட்டுவதும் சாலையிலா ஓட்டம் ஆகிவிடுகிறது. இன்னொரு மனக்குறையும் உண்டு. சாலை இல்லை என்பதை வைத்து ஓர் இடத்துக்குப் பெயரிட்டால், அங்கே வேறு எதுவுமே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

> புறவழி ஓட்டம்

இது வேண்டாம். ‘புறவழிச்சாலை’ ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்துவிட்டது.

> காட்டோட்டம்

காடு ஒரு பகுதிதான். மணல்மேடு, கடற்கரை, சதுப்பு, பனிவெளி எல்லாம் இதில் அடங்க வேண்டும். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் இவ்வகை வண்டிகளைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் உள்ள வரையறை நிலம், நீர், மணல், பனி, உறைபனி, சதுப்பு என்று தரைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரு சட்ட வரைவாளர் தரையின் வகைகளை இவ்வளவு பொறுமையாக எண்ணியிருக்கும்போது நாம் காட்டோடு நிற்கக் கூடாது.

> அதரோட்டம்

இதை விட மனமே வரவில்லை. பழந்தமிழில் ‘அதர்’ என்றால் வழி, அதிலும் அரிய, கடப்பதற்குக் கடினமான வழிகளைச் சொல்லும் இடங்களில் வருகிற சொல். அழகானது. ஆனால் இன்று படிக்கிறவர் ‘அதரம்’ என்று உதட்டை நினைப்பார். அப்புறம், அது இருக்கிற வழியைக் குறிக்கிறதே தவிர, வழியை விட்டு விலகுவதைக் குறிக்கவில்லை.

> நெறிபிறழ் ஓட்டம். இப்படிச் சொன்னால்தான் இது தவறு என்று உறைக்கும்.

இந்த மடலை எழுதியவரின் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பாதிக்கு மேல் என்னுடைய கோபமும்தான். ஆனாலும் கலைச்சொல்லுக்குள்ளேயே தீர்ப்பை எழுதிவிடக் கூடாது. மண்ணை ஆராய்கிறவர் ஒரு கட்டுரையில் இதை ஐம்பது தடவை எழுத வேண்டியிருக்கும். காட்டுத்தீயை அணைக்கப் போகிற வண்டியும், மலையில் சிக்கியவரைத் தேடிப் போகிற வண்டியும் தடத்தை விட்டு விலகித்தான் ஆக வேண்டும். அவற்றை நெறிபிறழ்ந்தவை என்று சொல்ல முடியுமா? என்ன நடக்கிறது என்பதைச் சொல் சொல்லட்டும், அது சரியா தவறா என்பதைக் கட்டுரை சொல்லட்டும்.

சரி, என்னதான் நடக்கிறது? இதைத் தெரிந்துகொண்டால் சொல் தானாக வரும் என்று நினைத்துப் படித்தேன்.

மண்ணில் ஏறக்குறைய பாதி இடைவெளிதான். துகள்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகளில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன, வேர் நுழைவதும் அங்கேதான். வண்டியின் எடை அந்தத் துளைகளை நசுக்குகிறது. மழை உள்ளே இறங்காமல் மேலேயே ஓடுகிறது, சக்கரம் போட்ட பள்ளமே வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இறுக்கத்தின் பெரும்பங்கு முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தால் என்ன ஆகிவிடும் என்பவர்தான் அதிகக் கேட்டைச் செய்கிறவர். ஏற்கெனவே இறுகிப்போன தடத்தில் நூறாவதாகப் போகிறவர் அவ்வளவு செய்வதில்லை. ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்வது சொல்லழகுக்கான ஆசை மட்டுமல்ல. மண்ணே அவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

பாலைநிலங்களில் இன்னொன்று. வெறும் மண் என்று நாம் நினைக்கிற மேற்பரப்பில் நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்) ‘மாஸ்’ என்கிற தரைப்பாசியும் சேர்ந்து மெல்லிய, உயிருள்ள மேலோடு ஒன்றை உண்டாக்கியிருக்கின்றன. காற்று மண்ணை அள்ளிப் போகாமல் பிடித்துவைப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளுக்கு ஏற்ற உருவில் மண்ணில் சேர்ப்பதும் அதுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊர்ப் பக்கம் இதை நிறையப் பார்க்கலாம். ஒரு சக்கரம் ஏறினால் நொறுங்கிவிடும். மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும், சில வகைகளுக்கு அதற்கும் மேலே. இதற்கு ‘உயிர்ப்பொருக்கு’ என்ற சொல்லை இதே மடலில் முன்வைக்கிறேன். புண் ஆறும்போது மேலே கட்டுகிற பொருக்கு நம் எல்லாருக்கும் தெரியும். அதைப் பிய்த்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

1942இல் அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் பேட்டன் அந்நாட்டின் மொஹாவி பாலைவனத்தில் தம் படைக்கு ஒரு பயிற்சி முகாம் தொடங்கினார். 1944இல் அதை மூடிவிட்டார்கள். அன்று டாங்குகள் போட்ட தடங்களை இன்றும் அங்கே பார்க்க முடிகிறது. போர் முடிந்து, ஓட்டியவர்களில் பெரும்பாலோர் காலமாகி, தடம் மட்டும் இருக்கிறது.

இதைப் படித்த இடத்தில்தான் சொல் கிடைத்தது. தமிழில் ‘தடம்’ என்பதற்கு வழி என்றும் பொருள், சுவடு என்றும் பொருள். ‘தடத்தை விட்டு’ என்றால் வழியிலிருந்து விலகி. ‘தடம் விட்டு’ என்றால் சுவட்டைப் பின்னால் விட்டு. ஒரே சொற்கள் இரண்டையும் சொல்கின்றன. இந்தச் செயலில் இரண்டுமே நடக்கின்றன. அதனால்:

தடம்விடு ஓட்டம் – இருக்கிற வழியை விட்டு விலகி இயற்கை நிலத்தின் மேல் வண்டி ஓட்டுவது.

கரட்டுத்தட ஓட்டம் – செப்பனிடாத, கடினமான, ஆனால் ஏற்கெனவே இருக்கிற தடத்தில் ஓட்டுவது.

கலைச்சொல்லில் இருபொருள் கூடாது என்று நானே முன்பு இங்கே வாதாடியிருக்கிறேன். இரண்டு பொருளும் இரண்டு வேறு செயல்களைச் சுட்டினால் கூடாது. இங்கே இரண்டும் ஒரே செயலின் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. மேலும் ‘விடு ஓட்டம்’ என்பது வினைத்தொகையாக நிற்கிறது. விட்ட, விடுகிற, விடும் என்று முக்காலத்தையும் அடக்கிக்கொள்கிறது. எண்பது ஆண்டுக்கு முந்தைய சுவடு இன்னும் கிடக்கிற செயலுக்கு இது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

‘தடமிறங்கல்’ என்றும் யோசித்தேன், ‘வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது’ என்று பேச்சில் சொல்கிறோமே என்று. ஆனால் ‘களமிறங்கல்’ என்றால் களத்துக்குள் வருவது. அந்த வழியில் தடமிறங்கல் நேர் எதிர்ப்பொருளைத் தந்துவிடும். ‘தடம்புரளல்’ ரயிலுக்குப் போய்விட்டது.

அடுத்து, ‘எக்ஸ்ட்ரீம் ஆஃப்-ரோடிங்’ என்பதில் வருகிற ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற அடைமொழி. ‘தீவிர’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்த அடைமொழி எதை அளக்கிறது? ஓட்டுகிறவரின் துணிச்சலையும் சரிவின் செங்குத்தையும் அளக்கிறது. நிலத்தின் காயத்தை அது அளப்பதே இல்லை. கல்லும் சரளையும் எடுத்து முடித்த பள்ளத்தில், எல்லை கட்டி, ஏறக்குறைய நெட்டுக்குத்தான சரிவில் வண்டியை ஏற்றும் போட்டியும் உண்டு. பார்க்க அதைவிடத் தீவிரமானது இருக்க முடியாது. ஆனால் மெதுவாக, சத்தமே இல்லாமல், படம் எடுப்பதற்காகப் பாசிவெளியில் பத்தடி ஏறி நிற்கிற வாடகைக் கார் அதைவிடப் பெரிய காயத்தை விட்டுப் போகலாம். எனவே ‘கடுஞ்சரிவு ஓட்டம்’, ‘பாறையேற்றம்’, ‘சேற்றோட்டம்’ என்று தரையை வைத்தே தனித்தனியாகச் சொல்லலாம். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கடும்’ போதும்.

துணைச்சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரம் போடுகிற நீண்ட பள்ளத்துக்குச் ‘சக்கரச்சால்’. உழவுச்சால் நமக்குப் பழகியதுதான். கடற்கரை மணலில் முட்டையிலிருந்து வெளிவந்த ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போகும் வழியில் இந்தச் சாலுக்குள் விழுந்து ஏற முடியாமல் தவிக்கின்றன. அந்த அளவுப் பிராணிக்கு அது பள்ளத்தாக்கு. மண் நசுங்குவதற்கு ‘மண் இறுக்கம்’ என்பது ஏற்கெனவே வேளாண்மையில் புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்வோம். சிக்கிய வண்டியை வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி) போட்டு மரத்தில் கட்டி இழுக்கும்போது, இரும்புக் கம்பி மரத்தை அறுக்காமல் இருக்க இடையில் ஓர் அகலமான நாடாவைச் சுற்றுவார்கள். அதற்கு ‘மரக்காப்புப் பட்டை’. மரத்தின் பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் மரம் செத்துவிடும். அதைக் காப்பதும் ஒரு பட்டையாகவே இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ‘காப்பு’ என்ற சொல் வேறுபடுத்திவிடுகிறது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருக்கிறது. ஐஸ்லாந்துச் சட்டமே, நிலம் உறைந்து பனி மூடியிருக்கும்போது வழியை விட்டு விலகிப் பனியின் மேல் ஓட்டுவதை அனுமதிக்கிறது. பனி உருகினால் சுவடும் போய்விடும் என்பது அதன் அடிப்படை. அங்கே தடம்விடு ஓட்டத்தின் முதல் பொருள் நிற்கிறது, இரண்டாம் பொருள் விழுகிறது. அதைத் தனியாகப் ‘பனிமேல் ஓட்டம்’ என்று பிரித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தில் 1984–85 குளிர்காலங்களில் எண்ணெய் தேடிப் போன வண்டிகளும் பனியின் மேல்தான் போயின. பனி மெல்லியதாக இருந்த இடங்களில் அடியிலிருந்த தூந்திரச் செடிகள் நசுங்கின, சில தடங்கள் பல பத்தாண்டு கழித்தும் மறையவில்லை. பனிமேல் ஓட்டத்தைத் தடம்விடு ஓட்டத்தின் ஒரு வகையாக வைப்பதா, அதற்கு வெளியே வைப்பதா? குளிர்நிலச் சூழலியல் தெரிந்தவர்கள் இழையில் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை சொற்பட்டியலில் அந்த ஒரு வரியை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்