சொகுசு கார் நம்பகத்தன்மை சர்வேக்கள்: 520டி, இ 220டி, இஎஸ் 300ஹெச் வாங்குபவருக்கு அதில் என்ன இருக்கிறது?

கோவை_செடான்:

வணக்கம். 2021 அல்லது 2022 மாடல் செகண்ட் ஹாண்ட் செடான் தேடிக்கிட்டு இருக்கேன். பட்ஜெட்டுக்குள்ள மூணு நிக்குது: லெக்சஸ் இஎஸ் 300ஹெச், பிஎம்டபிள்யூ 520டி, மெர்சிடிஸ் இ 220டி. வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓடும், பாதிக்கு மேல ஊருக்குள்ளேயே. அமெரிக்காவோட ஜே.டி. பவர், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சர்வே, ஜெர்மனியோட டியுவி அறிக்கை மூணையும் எடுத்து வச்சுப் பார்த்தா ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வரலை. அமெரிக்கப் பட்டியல்ல லெக்சஸ் எப்பவும் மேல. ஜெர்மனியில போர்ஷ, மெர்சிடிஸுக்கு நல்ல பேர். எதை நம்பி காசு போடுறது? சர்வே எல்லாமே கம்பெனிக்காரன் காசு கொடுத்து வாங்குறதுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். உண்மையா?

பிஸ்டன்_ரிங்:

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் லாப நோக்கமில்லாத அமைப்பு. விளம்பரம் வாங்குவதில்லை, சோதனைக்கான கார்களைக் கடையில் காசு கொடுத்தே வாங்குகிறது. ஜே.டி. பவர் அப்படியல்ல. சர்வே விவரங்களைத் தயாரிப்பாளர்களுக்கு விற்பதுதான் அதன் தொழில். விருதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளவும் கட்டணம் உண்டு. அதற்காக ரேங்க்கையே விலைக்கு விற்கிறது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மூன்று பட்டியலும் ஒத்துவராததற்குக் காரணம் வேறு. மூன்றும் மூன்று வேறு விஷயங்களை அளக்கின்றன.

ஜே.டி. பவரிலேயே இரண்டு ஆய்வுகள். ஒன்று, புது கார் வாங்கிய முதல் 90 நாளில் வந்த புகார்கள். இன்னொன்று, மூன்று வயதான காரில் கடந்த 12 மாதத்தில் வந்த புகார்கள். உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். முடிவை பிபி100 என்று சொல்வார்கள், அதாவது 100 காருக்கு எத்தனை புகார். 2024இல் மொத்த சராசரி 190, லெக்சஸ் 135. இதில் சிக்கல் என்னவென்றால், புளூடூத் துண்டித்துத் துண்டித்து வருவதும் ஒரு புகார், கியர்பாக்ஸ் போனதும் ஒரு புகார். அந்த 190இல் சுமார் 49 இன்ஃபோடெயின்மென்ட் மட்டும். குரல் கட்டளை புரியவில்லை, ஆண்ட்ராய்டு ஆட்டோ இணையவில்லை என்பது மாதிரி. சொகுசு காரில் ஸ்கிரீன், கேமரா, மசாஜ் சீட் என்று எண்ணிக்கை ஏற ஏற, புகார் சொல்ல இடமும் கூடிக்கொண்டே போகும்.

2011இல் ஃபோர்டு 90 நாள் ஆய்வில் 5ஆம் இடத்திலிருந்து 23க்குச் சரிந்தது. பெரும்பங்கு மைஃபோர்டு டச் என்ற திரை அமைப்புக்கும், தயங்கித் தயங்கி மாறிய இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கும். ஒரு வருஷத்தில் அந்த கம்பெனியின் எஞ்சின்கள் எல்லாம் கெட்டுப்போய்விடவில்லை.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடும்போதும் கவனம் தேவை. மூன்று வருட ஆய்வின் சராசரி 2021இல் 121. 2022இல் 192. கார்கள் திடீரென்று மோசமாகவில்லை, கேள்வித்தாளை மாற்றினார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒரே கிராஃபில் போட்டு "தரம் வீழ்ந்தது" என்று காட்டும் வீடியோவை அப்படியே மூடிவிடுங்கள்.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கேட்பது வேறு: செலவு, பழுது, பாதுகாப்பு, வண்டி நின்ற நாள் இவற்றால் நீங்கள் பெரிதாகக் கருதிய கோளாறு கடந்த 12 மாதத்தில் வந்ததா? 20 பகுதிகளாகப் பிரித்து, எஞ்சின், கியர்பாக்ஸ் கோளாறுகளுக்கு அதிக எடை போடுகிறார்கள். வாங்குபவருக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் புதிதாக வந்த மாடலுக்கு "எதிர்பார்க்கும் நம்பகத்தன்மை" என்று ஒரு மார்க் வரும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த மாடலின் தரவு அதில் இருக்காது. பிராண்டின் பழைய வரலாற்றையும், பாகங்களைப் பகிரும் மற்ற மாடல்களையும் வைத்துப் போட்ட கணிப்பு அது.

புள்ளிக்கணக்கு:

மேலே சொன்னதோடு மாதிரி அளவையும், அதாவது எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொகுசு பிராண்டுகளுக்கு இதுதான் பெரிய ஓட்டை.

ஒரு மாடலுக்கு 300 பேர் பதில் சொல்லி 190 பிபி100 வந்தது என்று வைத்துக்கொள்வோம். புகார்கள் எல்லாம் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வருகின்றன என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், 95 சதவீத நம்பிக்கை எல்லை (உண்மை எண் பெரும்பாலும் விழும் இடைவெளி) இரண்டு பக்கமும் 16 வரும். நிஜத்தில் ஒரே காரில் ஐந்தாறு புகார் கொத்தாக வருவதால் இன்னும் அகலும். இரண்டு மாடலை ஒப்பிட்டால் வித்தியாசம் 22ஐத் தாண்டினால்தான் பேசவே முடியும். பட்டியலின் நடுவில் பிராண்டுகள் இரண்டு மூன்று புள்ளியில் அடுக்கி நிற்கும். பிராண்டுக்கு மாதிரி பெரிது என்பதால் எல்லை கொஞ்சம் சுருங்கும்தான், இருந்தாலும் 9ஆம் இடத்துக்கும் 14ஆம் இடத்துக்கும் சண்டை போடுவது வீண்.

கடுமையான கோளாறுக்கு இது இன்னும் மோசம். 100 காரில் 10 காருக்குப் பெரிய பழுது என்றால் உண்மை விகிதம் 5 முதல் 17 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம். 400 காரில் 40 என்றால் 7 முதல் 13க்குள் வந்துவிடும். டொயோட்டா கேம்ரிக்கு ஆயிரக்கணக்கில் பதில் வருவது சுலபம். ஜாகுவாருக்கும் மசராட்டிக்கும் வராது. போதுமான பதில் இல்லாத பிராண்டுகளை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தரவரிசையிலேயே சேர்ப்பதில்லை. அது நேர்மையான வேலை. பட்டியலில் பெயர் இல்லாததை "அவ்வளவு மோசம், அதான் போடல" என்று படித்துவிடாதீர்கள்.

அரிதான ஆனால் ஆபத்தான கோளாறு சர்வேயில் கண்ணுக்கே தெரியாது. 2018இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் தீப்பிடித்தன, அதில் 520டி அதிகம். ஜூலையில் சுமார் 1,06,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் நடு வரை எரிந்தவை 40 வாக்கில். 100 காருக்கு 0.04 புகார். பிபி100 கணக்கில் இது தூசி.

ராட்டை_ரோட்டார்:

ஜெர்மன் அறிக்கைகளைப் பற்றி. டியுவி என்பது கருத்துக் கேட்பே இல்லை, கட்டாயத் தகுதிச் சோதனையின் முடிவு. தனியார் கார் முதலில் 3 வருஷத்தில், பிறகு 2 வருஷத்துக்கு ஒருமுறை போக வேண்டும். பார்ப்பது பிரேக், விளக்கு, டயர், சஸ்பென்ஷன், புகை, துரு. டைமிங் செயின் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் சங்கிலி) கடகடப்பதோ கியர் தடுக்குவதோ அந்த அறிக்கையில் ஏறாது. சோதனைக்கு முன்பே கம்பெனி சர்வீஸில் விட்டு எல்லாம் மாற்றிவிட்டு வரும் கார் கண்டிப்பாகப் பாஸ். போர்ஷ 911 அங்கே ஜொலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: வருஷத்துக்குக் குறைந்த தூரம், மூடிய கராஜ், காசைப் பார்க்காத பராமரிப்பு. அலுவலக லீஸில் ஆட்டோபான் நெடுஞ்சாலையிலேயே கிடக்கும் டீசல் 5 சீரிஸை அதோடு ஒப்பிடக் கூடாது. மாடலுக்குப் பக்கத்திலேயே சராசரி கி.மீ. போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி வெளியிடும் பழுதுப் புள்ளிவிவரம், நடுவழியில் நின்ற கார்களுக்கு உதவப் போன கணக்கு. அதில் 40 சதவீதத்துக்கு மேல் 12 வோல்ட் பேட்டரிதான். அதோடு, சொகுசு கார் வைத்திருப்பவர் கம்பெனியின் சொந்த உதவி எண்ணையே அழைத்தால் அது இந்தக் கணக்குக்கு வராமலே போகலாம்.

ஒர்க்ஷாப்_வாசல்:

எல்லாரும் அமெரிக்கா, ஜெர்மனின்னு சுத்தறீங்க. அடிப்படையை விட்டுட்டீங்களே. 520டியும் இ 220டியும் அமெரிக்காவுல விற்கவே இல்லை! அங்க 5 சீரிஸ்னா 530ஐ, 540ஐ மாதிரி பெட்ரோல்தான் பெரும்பாலும். இ கிளாஸும் அப்படித்தான். அங்க பிஎம்டபிள்யூவுக்கு வந்த மார்க் பி48, பி58 பெட்ரோல் எஞ்சினுக்கு. நம்ம ஊர்ல நிக்கிறது பி47 டீசல், மெர்சிடிஸ்ல ஓஎம்654 டீசல். பேட்ஜ் ஒண்ணு, வண்டி வேற. மூணுல அமெரிக்க சர்வே நேரடியா பொருந்துறது இஎஸ் 300ஹெச் ஒண்ணுக்குத்தான்: அதே 2.5 லிட்டர் ஹைப்ரிட் அங்கயும் ஓடுது.

சர்வேயை விட்டுட்டு நல்ல மெக்கானிக்கைக் கேளுங்க, அவ்வளவுதான்.

புள்ளிக்கணக்கு:

எஞ்சின் விஷயம் முழுக்கச் சரி. கடைசி வரியோடு மட்டும் உடன்பாடில்லை. மெக்கானிக் கண்ணில் படுவது பழுதான கார்கள் மட்டும். மொத்தம் எத்தனை ஓடுகிறது என்ற வகுக்கும் எண் அவரிடம் கிடையாது. எது கெடும், கெட்டால் என்ன செலவு என்பதை அவரிடம் கேளுங்கள். எவ்வளவு அடிக்கடி கெடும் என்பதற்கு சர்வேதான் சுமாராகவாவது பதில் சொல்லும்.

ஒர்க்ஷாப்_வாசல்:

சரி, அது நியாயம்தான்.

கோவை_செடான்:

ரொம்ப நன்றி. அப்போ இந்த மூணு வண்டியிலயும் நேர்ல போய் எதைப் பார்க்கணும்? சர்வேல தெரியாத விஷயம் என்னென்ன?

பிஸ்டன்_ரிங்:

சர்வேயில் தெரியாத பெரிய விஷயம் உங்கள் ஓட்டம். ஊருக்குள் பாதிக்கு மேல் என்றால் இரண்டு டீசலுக்கும், புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்தான் முதல் எதிரி. அதில் சேரும் கரியை எரிக்க 600 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். 15, 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால், எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும். ஆயில் மெலிந்தால் டர்போ பேரிங்கும் செயினும் தேயும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்ட முடியாதவர் டீசலைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. எந்த பிராண்ட் என்பது இதற்குப் பிறகுதான்.

ஒர்க்ஷாப்_வாசல்:

நேர்ல போகும்போது எஞ்சின் ஆறி இருக்கணும். முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க. முதல் ஸ்டார்ட்ல பின்பக்கம், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் காது வைங்க. இந்த ரெண்டு டீசல்லயும் டைமிங் செயின் அங்கதான் இருக்கு. பிஎம்டபிள்யூவோட பழைய என்47 டீசல் எஞ்சின்ல செயின் போனது பிரசித்தம். மாத்த எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும், அதனாலதான் பில் எகிறும். பி47 அதைவிடத் தேவலை, ஆனா சத்தம் கேட்டா நகர்ந்துடுங்க.

சாதாரண ஓபிடி ஸ்கேனர்லயே (கார் கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோடைப் படிக்கிற கருவி) "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்"னு ஒரு அளவு வரும். அது 50, 100 கி.மீ.ன்னு காட்டினா யாரோ இப்பதான் துடைச்சிருக்காங்க. ரெடினஸ் மானிட்டரும் (கார் தன்னைத்தானே சோதிச்சு முடிச்சதான்னு காட்டுறது) முடியாம நிக்கும். அதுக்கப்புறம் கம்பெனி மென்பொருள்: பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு செண்ட்ரி, லெக்சஸுக்கு டெக்ஸ்ட்ரீம். டிபிஎஃப்ல கரி அளவு, சாம்பல் அளவு ரெண்டும் தனித்தனியா கேளுங்க. கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் ஏறிட்டா கழட்டிக் கழுவணும், இல்லேன்னா மாத்தணும்.

520டியில இஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்பிப் போற புகையை ஆறவைக்கிற பாகம்) ரீகால் பாக்கி இருக்கான்னு சேசிஸ் நம்பர் கொடுத்து டீலர்கிட்ட எழுத்துல வாங்குங்க. மேல கொரியான்னு சொன்னாரே, அதுக்குக் காரணம் இந்தக் கூலர்தான். உள்ள விரிசல் விட்டு கூலன்ட் கசிஞ்சு கரியோட சேர்ந்து படியும், சூடான புகை பட்டா பத்திக்கும். கூலன்ட் டேங்க் மட்டம் காரணம் இல்லாம குறையுதுன்னா அதுதான் முதல் சந்தேகம்.

இ 220டியில ஆட்ப்ளூ, அதாவது புகையில இருக்குற நாக்ஸ்ங்கிற நச்சு வாயுவைக் குறைக்கத் தெளிக்கிற திரவம். நாக்ஸ் சென்சார் ரெண்டு இருக்கும், அதுல ஒண்ணு போனாலும் "இன்னும் இத்தனை கி.மீ.க்கு மேல் ஸ்டார்ட் ஆகாது"ன்னு எண்ண ஆரம்பிச்சிடும். ஆட்ப்ளூ தெளிக்கிற டோசிங் நாசில்ல வெள்ளையா உப்பு மாதிரி படிஞ்சிருக்கான்னு பாருங்க.

லெக்சஸ்ல பின் சீட்டுக்குக் கீழ ஹைப்ரிட் பேட்டரிக்குக் காத்து இழுக்குற ஜன்னல் இருக்கும். அதோட ஃபில்டர் தூசி அடைச்சா ஃபேன் சத்தம் கூடும், பேட்டரி சூடேறும். சர்வீஸ்தோறும் சுத்தம் பண்ணின பதிவு இருக்கான்னு கேளுங்க. உங்க ஓட்டத்துக்கு நான் லெக்சஸைத்தான் சொல்வேன். சர்வீஸ் மையங்கள் கம்மி, பம்பரோ ஹெட்லைட்டோ உடைஞ்சா பாகம் வர எத்தனை நாள்னு பக்கத்து மையத்துல முன்கூட்டியே கேட்டுக்குங்க.