மறு: ‘கேரியர்’ – ‘தங்குதொற்று’ பொருந்துமா?

குழுவினர்க்கு வணக்கம்.

ஹெபடைடிஸ் பி (வைரஸால் வரும் ஒருவகைக் கல்லீரல் அழற்சி) பற்றிய நம் கைப்பிரதிக்காக, நோய்க்குறி ஏதுமின்றி அந்த வைரஸை நெடுநாள் உடலில் சுமப்பவரைக் குறிக்கும் ‘கேரியர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் வந்திருக்கும் மூன்று பரிந்துரைகளையும் பார்த்தேன். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

‘நோய்க்கடத்தி’ கொசுவுக்குக் கொடுத்தாகிவிட்டது. யானைக்கால் நோய்க்குப் பேர்போன கும்பகோணத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரத்ததான முகாமுக்கு நல்லெண்ணத்தோடு போய், ‘பாசிட்டிவ்’ என்ற சீட்டோடு திரும்பும் இளைஞரையும் அதே சொல்லால் அழைப்பதா? கொள்ளிடக் கரையில் ‘கடத்தல்’ என்றாலே மணல் லாரிதான் நினைவுக்கு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘நோய்க்காவி’ அழகான சொல், காவடிக்கு உறவு. அங்கே புழக்கத்தில் இருப்பதை மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால் இங்கே காவி என்றால் வேட்டியின் நிறம்.

மன்னார்குடி மருத்துவர் முன்வைத்த ‘மறைதொற்று’ வேறோர் இடத்துக்குத் தேவைப்படும். மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) சோதனையில் ‘இல்லை’ என்று வந்தும், வைரஸின் டி.என்.ஏ. உடலில் இருக்கும் நிலை ஒன்று உண்டு. மறைந்திருப்பது அதுதான். நாம் பேசுகிறவர்களுக்கோ சோதனையிலேயே பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அந்தச் சொல்லை அதற்கென்றே ஒதுக்கிவைப்போம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2017 வழிகாட்டுதலில் ‘செயலற்ற கேரியர்’ என்ற பழைய பெயரை விட்டுவிட்டு, தொற்று வேறு, அழற்சி வேறு என்று பிரித்துப் பெயரிட்டது. மூலத்திலேயே கழித்துவிட்ட சொல்லுக்கு நாம் ஏன் பட்டாபிஷேகம் செய்ய வேண்டும்? ஆளுக்குப் பெயர் வைப்பதை விட்டு, நிலைக்குப் பெயர் வைப்போம்.

என் பரிந்துரை ‘தங்குதொற்று’. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. ஆன்டிஜென் ஆறு மாதத்துக்கு மேலும் ரத்தத்தில் நீடித்தால் இந்தப் பெயர். வைரஸின் டி.என்.ஏ. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வளையமாகத் தங்கிவிடுகிறது. இன்றைய மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்குமே தவிர, அந்த வளையத்தைப் பெயர்த்தெடுப்பதில்லை. ‘நாட்பட்ட தொற்று’ போதாதா என்று திருவாரூர் ஆசிரியர் கேட்டிருந்தார். நாட்பட்ட புண், நாட்பட்ட இருமல் என்று சொல்லும்போது ‘கவனிக்காமல் விட்டுவிட்டாய்’ என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டு வருகிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியவர் எதைக் கவனிக்காமல் விட்டார்? பச்சிளம் பருவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் தங்குவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ‘பரம்பரை’ என்று நம் பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். சிரிக்க வேண்டாம். இந்த ஆன்டிஜெனைக் கண்டறிந்த பரூக் புளூம்பெர்க்கும் அங்கிருந்துதான் தொடங்கினார். ரத்தப் புரதங்களில் மக்களுக்கிடையே உள்ள மரபு வேறுபாடுகளைத் தேடியவர் அவர். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கிடைத்ததை 1965இல் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று வெளியிட்டபோது, அதைப் பிறவிப் பண்பாகவே கருதினார். முதல் சோதனையில் அது இல்லாத ஒரு நோயாளிக்கு மறு சோதனையில் இருந்தது. இடையில் அவருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருந்தது. பிறவிப் பண்பு பாதியில் முளைக்காதே! அந்த இடறலைத் துரத்திப் போனதில் வைரஸும், ரத்த வங்கிச் சோதனையும், தடுப்பூசியும் கிடைத்தன. 1976இல் நோபல் பரிசு. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28தான் உலகக் கல்லீரல் அழற்சி நாள். நம் கைப்பிரதிக்கும் அதுவே கெடு.

கைப்பிரதியில் கீழாநெல்லியைத் தொடாமல் போக முடியாது, வரப்பெல்லாம் அதுதான். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் புளூம்பெர்க்கோடு சேர்ந்து செய்த சோதனை 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 விழுக்காட்டினருக்கு ஆன்டிஜென் மறைந்ததாக முடிவு. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. ஊரில் முதல் செய்தி மட்டும் நிலைத்துவிட்டது. இங்கேதான் நம் சொல் உதவும். இந்த வைரஸால் பெரியவர்களுக்கு வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்; புகழைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும். ‘காமாலை இறங்கிவிட்டது, தங்குதொற்று இருக்கிறதா என்று ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ‘கடத்தி’யையோ ‘காவி’யையோ வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள்.

ஆளைக் குறிக்க ‘தங்குதொற்றுள்ளவர்’ போதும். ‘தங்குதொற்றாளர்’ வேண்டாம், பதவிப் பெயர் போல இருக்கிறது. அழற்சி இல்லாத நிலையை ‘அடங்கிய தங்குதொற்று’ எனலாம். அடங்கியது மீண்டும் கிளம்பக்கூடும், ஆகவே பரிசோதனையை நிறுத்தக் கூடாது என்பதும் அதிலேயே தொனிக்கிறது.

மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு, அதை ஒரு வாக்கியத்தில் வைத்தும் அனுப்புங்கள். ‘ஆன்டிஜென்’னை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன், அதற்கான சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.