ரெஸ்டோர்கான் ஓடிய பிறகும் ஒரு கோப்புறையின் லேபிள் மட்டும் மாறவில்லை

கேள்வி

வணக்கம். சிற்றிதழ் ஒன்றின் பழைய இதழ்களுக்கான இணையதளத்தை ஆல்மாலினக்ஸ் 9 சர்வரில் பராமரித்து வருகிறேன். வெப் சர்வர் அப்பாச்சி. கோப்புகளின் பாதுகாப்பு லேபிளைப் பார்த்து அணுகலை அனுமதிக்கும் அல்லது மறுக்கும் எஸ்இலினக்ஸ், என்ஃபோர்சிங் (விதிகளைக் கட்டாயமாக அமல்படுத்தும்) நிலையில் இருக்கிறது. தளத்தை இங்கே கொண்டுவந்த நாளில் கோப்புகளை என் ஹோம் கோப்புறையில் பிரித்து, அங்கிருந்து எம்வி கட்டளையால் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் இடத்துக்கு நகர்த்தினேன். அப்போது 403 (அணுகல் மறுப்பு) பிழை வந்தது. லேபிள்களை விதிப்படி திருத்தும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டியதும் சரியாகிவிட்டது.

இப்போது வந்திருப்பது வேறு சிக்கல். சென்ற வாரத்திலிருந்து ‘படங்கள்’ கோப்புறையில் உள்ள எதுவும் திறக்கவில்லை. மீண்டும் அதே 403. கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என அனுமதிகள் ஒழுங்காகவே உள்ளன. மேட்ச்பாத்கான் கட்டளையைப் பெரிய ‘வி’ விருப்பத்துடன் ஓட்டினால், இருக்கும் லேபிள் தவறு என்றும் இருக்க வேண்டியது எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி (அப்பாச்சி படிக்கக்கூடிய வகை) என்றும் சொல்கிறது. ஆனால் ரெஸ்டோர்கான் -ஆர் ஒரு வரிகூட எழுதாமல் முடிந்துவிடுகிறது. லேபிள் பழையபடியே நிற்கிறது. ஒரு கருவி தவறு என்று சொல்வதை இன்னொரு கருவி ஏன் திருத்தாமல் விடுகிறது? செட்என்ஃபோர்ஸ் 0 கொடுத்து எஸ்இலினக்ஸ் தடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தினால் படங்கள் தெரிகின்றன, ஆனால் சர்வரை அப்படியே விட எனக்கு மனமில்லை.

மறுமொழி 1

எம்வி செய்தபோது முதல் முறை வந்த பிழை அனைவரும் ஒருமுறையாவது சந்திப்பது. லேபிள் என்பது கோப்போடு ஒட்டியிருக்கும் பண்பு. எம்வி அதையும் சேர்த்தே தூக்கிச் செல்லும் என்பதால், ஹோமில் பிறந்த கோப்பு யூசர்_ஹோம்_டி என்ற வகை அடையாளத்துடனேயே தளத்துக்குள் போய் உட்காரும். சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் புதிய கோப்பு உருவாகி, சேருமிடத்துக் கோப்புறையின் வகையை எடுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது பிழைக்கு இது காரணமாகத் தெரியவில்லை. எல்எஸ் கட்டளையைப் பெரிய ‘இசட்’ விருப்பத்துடன் ஓட்டி, வரும் வரியை முழுமையாகப் பதியுங்கள். ஒரு படத்தைத் திறக்க முயன்ற கையோடு, தணிக்கைப் பதிவில் மறுப்புகளைத் தேடும் ‘ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்’ ஓட்டி அதையும் போடுங்கள்; ரீசன்ட் என்பது கடைசி பத்து நிமிடங்களை மட்டுமே காட்டும். சென்ற வாரம் அந்தக் கோப்புறையை வேறு எந்த நிரல் தொட்டது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கேட்டவர்

தணிக்கைப் பதிவில் கேட்கும் தரப்பு எச்டிடிபிடி_டி, அதாவது அப்பாச்சி, என்று இருக்கிறது. கோப்பின் லேபிள் இது:

சிஸ்டம்_யூ:ஆப்ஜெக்ட்_ஆர்:கன்டெய்னர்_ஃபைல்_டி:எஸ்0:சி214,சி877

சென்ற வாரம் பெரிய படங்களின் சிறு வடிவங்களை உருவாக்க ஒரு பாட்மேன் கன்டெய்னரை (நிரலைத் தனித்து ஓட்டும் சூழலை) ஓட்டினேன். ‘படங்கள்’ கோப்புறையை அதற்குள் இணைத்தபோது அனுமதி மறுக்கப்பட்டதால், எங்கோ படித்தபடி இணைப்பின் இறுதியில் ‘:இசட்’ சேர்த்தேன். பெரிய எழுத்து இசட்.

மறுமொழி 2

விடை உங்கள் கடைசி மூன்று சொற்களில் இருக்கிறது. அந்தப் பெரிய இசட், கோப்புறையையும் அதற்குள் இருக்கும் அனைத்தையும் அந்த ஒரு கன்டெய்னருக்கே சொந்தம் என மறுலேபிள் செய்யும்படி பாட்மேனிடம் சொல்கிறது. சி214, சி877 என்ற இரண்டு எண்களும் அந்தத் தனியுரிமையின் குறி. சிறிய இசட் கொடுத்திருந்தால் எண்கள் இல்லாமல் பல கன்டெய்னர்கள் பகிரும்படி இருந்திருக்கும், ஆனால் வகை அப்போதும் கன்டெய்னர்_ஃபைல்_டிதான். அப்பாச்சிக்குக் கதவு திறந்திருக்காது.

ரெஸ்டோர்கானின் மௌனத்துக்கும் காரணம் உண்டு. நிர்வாகி வேண்டுமென்றே மாற்றியிருக்கக்கூடும் எனக் கருதப்படும் சில வகைகள் /ஈடிசி/எஸ்இலினக்ஸ்/டார்கெட்டட்/கான்டெக்ஸ்ட்ஸ் கோப்புறையில் உள்ள கஸ்டமைசபிள்_டைப்ஸ் என்ற கோப்பில் பட்டியலிடப்பட்டுள்ளன, கன்டெய்னர்_ஃபைல்_டியும் அவற்றில் ஒன்று. அந்த வகைகளைக் கண்டால் ரெஸ்டோர்கான் ஒதுங்கிப் போய்விடும். நீங்கள் சிறிய ‘வி’யையும் சேர்த்து ஓட்டியிருந்தால், நிர்வாகியால் மாற்றப்பட்டது என்பதால் மீட்டமைக்கவில்லை என்று ஒவ்வொரு கோப்புக்கும் அதுவே சொல்லியிருக்கும். மேட்ச்பாத்கானுக்கு இந்தத் தயக்கம் கிடையாது. விதியையும் கோப்பையும் ஒப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடும்.

ஆகவே ரெஸ்டோர்கானை இந்தத் தயக்கத்தை மீற வைக்கும் பெரிய ‘எஃப்’ விருப்பம் தேவை. முதலில் -எஃப் -ஆர் -என் -வி என ஓட்டுங்கள். ‘என்’ இருக்கும்வரை எதுவும் மாறாது, என்னென்ன மாறும் என்பது மட்டும் தெரியும். திருப்தியானால் ‘என்’னை நீக்கி ஓட்டுங்கள். சிறிய ‘எஃப்’ வேறு பொருள் தரும் என்பதால் எழுத்தைக் கவனியுங்கள்.

மறுமொழி 3

மறுப்புப் பதிவிலிருந்து அனுமதி விதி எழுதும் ஆடிட்2அலவ் கொண்டு ஒரு விதி மாட்யூல் உருவாக்கி, அப்பாச்சிக்கு அந்த வகையைப் படிக்க அனுமதி கொடுத்தால் கன்டெய்னரும் தளமும் ஒரே கோப்புறையைப் பயன்படுத்தலாமே?

மறுமொழி 2

செய்யலாம், ஆனால் நான் செய்ய மாட்டேன். அந்த விதி கோப்புறையின் பாதையைப் பார்ப்பதில்லை, வகையை மட்டுமே பார்க்கிறது. ஆகவே ‘படங்கள்’ கோப்புறைக்காகத் திறக்கும் கதவு, அதே சர்வரில் கன்டெய்னர்_ஃபைல்_டி என்ற லேபிளுடன் இருக்கும் தரவுத்தளக் கோப்புகளுக்கும் சேர்த்தே திறக்கிறது. கன்டெய்னருக்கு /எஸ்ஆர்வி அடியில் தனிக் கோப்புறை கொடுங்கள். முடிந்த படங்களை அங்கிருந்து சிபி செய்து தளத்துக்குக் கொண்டுவாருங்கள். சிபி -ஏ வேண்டாம்; அது பழைய லேபிளையும் கூடவே கொண்டுவந்து உங்களை இதே இடத்தில் நிறுத்தும்.

கேட்டவர்

-எஃப் வேலை செய்தது; படங்கள் எல்லாம் திறக்கின்றன. ஆனால் தளத்தின் வழியாகப் புதிய படம் ஏற்றும் வசதி இப்போது தோல்வியடைகிறது. பல மாதங்களுக்கு முன் ‘படங்கள்/புதியவை’ என்ற உட்கோப்புறைக்குச் சிஎச்கான் கொண்டு எழுதும் அனுமதியுள்ள வகையைக் கொடுத்த நினைவு இருக்கிறது.

மறுமொழி 2

சிஎச்கான் கோப்பை மட்டுமே மாற்றும். விதியில் எதையும் எழுதாது. உங்கள் மாற்றத்தைச் சென்ற வாரமே பாட்மேன் அழித்துவிட்டது, இன்று ரெஸ்டோர்கான் விதிப்படி படிக்க மட்டும் உரிய வகையைக் கொடுத்திருக்கிறது. செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ கட்டளையில் எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி வகையையும், அந்த உட்கோப்புறையின் முழுப் பாதையுடன் (/.*)? என்ற வடிவத்தையும் (அந்தக் கோப்புறையும் அதற்குள் உள்ள அனைத்தும் எனப் பொருள்) மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். செமேனேஜ் விதியை எழுதுவதோடு நின்றுவிடும், கோப்புகளைத் தொடாது. எனவே அதன் பிறகு ஒருமுறை ரெஸ்டோர்கான் ஓட்ட வேண்டும். எழுதும் வகையை ‘படங்கள்’ முழுவதற்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கேட்டவர்

செய்துவிட்டேன். ஏற்றமும் நடக்கிறது, மேட்ச்பாத்கானும் சரி என்கிறது. கன்டெய்னருக்கு /எஸ்ஆர்வி அடியில் தனிக் கோப்புறை அமைத்துவிட்டேன். நன்றி.