ஏற்காட்டில் துலிப் மொட்டு விரியாமல் கருகுகிறது: உதவி தேவை

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் இரண்டு ஆண்டுகளாகத் துலிப் வளர்க்க முயல்கிறேன். இலை தழைக்கிறது, பூ மட்டும் வருவதில்லை. துலிப் தோட்டத்துக்குப் பெயர்பெற்ற ஸ்ரீநகர் வரை பயணம் செய்ய இயலாத அம்மாவுக்கு ஒரு பூவையாவது வாசலில் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

துலிப் பூக்க, நடுவதற்கு முன் கிழங்குக்குப் பல வாரக் குளிர் வேண்டும் என்பதால், முதல் ஆண்டு கிழங்குகளைக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் எட்டு வாரம் வைத்திருந்தேன். அதே தட்டில் ஆப்பிளும் இருந்தது. பழுத்த பழம் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்கின் உள்ளேயே மொட்டைக் கெடுத்துவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஆகவே இம்முறை பழம் எதையும் அண்டவிடாமல், காகிதப் பையில் 5 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டு வாரம் வைத்து, டிசம்பர் கடைசி வாரத்தில், செம்மண்ணும் மணலும் இலைமட்கும் கலந்த மண்தொட்டிகளில் 15 செ.மீ. ஆழத்தில் நட்டேன். காலை வெயில் மட்டுமே படுகிறது. மேல்மண் காய்ந்த பின்பே நீர் விடுகிறேன். அழுகலோ பூச்சியோ இல்லை.

மூன்றாவது வாரம் இலை வந்தது. நாற்பதாம் நாள், தண்டு நீளாமலேயே, இரண்டு இலைகளுக்கு நடுவில் விரற்கணு அளவு மொட்டு தெரிந்தது; தொட்டதும் வெங்காயச் சருகைப் போல நொறுங்கியது. இருபது கிழங்குகளில் பதினெட்டு இப்படியே போயின.

இத்தகைய மிதமான குளிரில் துலிப்பைப் பூக்க வைத்தவர்கள் சொல்லுங்கள்: அடுத்த முறை கிழங்கைப் பதினாறு வாரம் குளிரில் வைப்பதா, அல்லது நட்ட தொட்டியையே வேர் பிடிக்கும் வரை குளிரில் வைப்பதா, எது பலன் தரும்?