வறட்சியும் பூஞ்செடியும்: 'எதிர்ப்பு' என்னும் சொல் பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் 'டிரவுட் ரெசிஸ்டன்ஸ்' என்பதற்கு ஈடாக, பூஞ்செடி இனப்பெருக்கக் கையேட்டுக்கு முன்மொழியப்பட்டுள்ள 'வறட்சி எதிர்ப்பு' என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நோய் எதிர்ப்பில் செடி கிருமியோடு மோதுகிறது; வறட்சியில் மோதுவதற்கு எதிரி இல்லை, நீரின் இல்லாமைதான் இருக்கிறது. அதோடு, பயிரியலார் மூன்றாகப் பிரித்தறியும் பண்புகளை அச்சொல் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

மண்ணில் ஈரமிருக்கும்போதே விரைந்து பூத்து விதைத்து முடிப்பது 'எஸ்கேப்'; இதற்கு 'முந்துதல்' போதும். 'அவாய்டன்ஸ்' என்பதைத் 'தவிர்ப்பு' என்றால் பொருள் திரியும். ஏனெனில் செடி வறட்சியைத் தவிர்ப்பதில்லை, ஆழ வேரோட்டியும், நீராவி வெளியேறவும் காற்று உட்புகவும் வழியான இலைத்துளைகளை மூடியும், இலையின் மெழுகுப் படலத்தைத் தடிப்பாக்கியும் தன் திசுக்களின் ஈரத்தையே காக்கிறது. டேபிள் ரோஸ் என்று நர்சரிகளில் விற்கும் செடிக்கு நெருங்கிய உறவான பருப்புக்கீரை, நீர் குறையும்போது, ஆவியாதல் குறைவான இரவிலும் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவைச் சேமித்துக்கொள்கிறது. இப்பண்புக்கு 'ஈரங்காப்பு' என்பதை முன்மொழிகிறேன். திசுவிலேயே நீர் குறைந்தபின்னும், புரோலின் என்னும் அமினோ அமிலம் போன்ற கரைபொருள்களின் துணையால் செல்கள் சிதையாமல் நிற்பது 'டாலரன்ஸ்'. அதற்கு 'வறள்தாங்கல்' என்பேன்.

இந்தப் பிரிவினை வெறும் நுணுக்கமன்று. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தத் தடை வந்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றானபோது, நம் குடியிருப்புகளில் பலரும் கேட்டது பிழைத்திருக்கும் செடியை மட்டுமன்று, பூக்கும் செடியை. இலைத்துளைகளை மூடியே வைத்திருக்கும் செடி உயிர் பிழைக்கும், ஆனால் கரியமிலவாயு குறைவதால் வளர்ச்சியும் பூவும் குன்றக்கூடும். ஆகவே கலப்பினத்தின் வழித்தோன்றல்களை நீர் குறைத்து வளர்த்து, அந்நிலையிலும் பூப்பவற்றையே தெரிவு செய்ய வேண்டும். காட்டில் தானே வளரும் உறவுச் செடியிலிருந்து பண்பை எடுத்திருந்தால், பூவின் நிறமும் அளவும் மீளும்வரை தோட்ட வகையோடு மீண்டும் மீண்டும் கலக்க வேண்டும். எந்தப் பண்பைத் தேடுகிறோம் என்பதற்குத் தனிப்பெயர் இல்லாமல் இதை எப்படி எழுதுவது?

மூன்றையும் அடக்கும் பொதுச்சொல்லாக, தோட்டக்காரர்கள் இயல்பாகச் சொல்லும் 'தாக்குப்பிடிக்கும்' என்பதிலிருந்து 'வறட்சித் தாக்குப்பிடிப்பு' என அமைக்கலாம். மூடாக்கு இட்டு மண்ணின் ஈரம் காப்பதோடு 'ஈரங்காப்பு' குழம்பும் என்று கருதுவோர் இருந்தால், 'திசு ஈரங்காப்பு' என விரித்து வழங்க எனக்கு உடன்பாடே.