கான்கூனில் தாலி, மன்னார்குடியில் சாப்பாடா?

மன்னை மதில்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டு விஷயம்தான், ஆனால் வீட்டில் பேசித் தீரவில்லை. மகள் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான், பூர்வீகம் குத்தாலம் பக்கம். தையில் கல்யாணம். பிள்ளைகள் இரண்டு பேரும் மெக்சிகோவில் கான்கூன் என்ற கடற்கரை ஊரில் ஒரு ரிசார்ட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 'ஆல் இன்க்ளூசிவ்' என்கிறார்கள். தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு, நொறுக்குத் தீனி, குடி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். நாலு இரவு, 60 பேர். ஆளுக்கு ஒரு இரவுக்கு 210 டாலர் என்று விலை வந்திருக்கிறது. இத்தனை அறைக்கு மேல் எடுத்தால் மேடையும் பூவும் சலுகையில் தருவார்களாம்.

அதுவரை சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, வர்றவங்க அவங்கவங்க ரூமுக்கு அவங்களே கட்டிடுவாங்க." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துவிட்டு, "அவசியம் வாங்க, வரும்போது 840 டாலர் எடுத்துட்டு வாங்க" என்று எந்த வாயால் சொல்வது? மன்னார்குடியில் எனக்கு 800 பத்திரிகைக்குக் குறையாது. 82 வயதில் அம்மா இருக்கிறார். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

பேராவூரணித் தென்னை:
அண்ணே, யோசிக்க என்ன இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு நோட்டில் எழுதி வாங்குவோம். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மொய் அன்பளிப்பு இல்லை அண்ணே, அது வட்டியில்லாக் கடன். நான் இருபது வருஷமாக ஊரெல்லாம் போட்டதைத் திரும்ப வாங்குவது என் வீட்டு விசேஷத்தில்தான். உங்கள் வீட்டிலும் ஒரு மொய் நோட்டு இருக்குமே? அதில் இருப்பவர்கள் எல்லாம் கான்கூனுக்கா வந்து செய்வார்கள்? 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் தோப்பில் நின்ற மரத்தை விட விழுந்த மரம்தான் அதிகம். அன்றைக்கு ரம்பத்தோடு வந்து நின்றவன் மச்சானும் பங்காளியும். அவனை விட்டுவிட்டு என்ன கல்யாணம்?

எடிசன் மருமகள்:
மன்னை மாமா, நான் கும்பகோணத்துப் பெண். நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் பதினோரு வருஷம். மூன்று வருஷத்துக்கு முன் என் கல்யாணம் இப்படித்தான், மெக்சிகோவில் ஒரு ரிசார்ட்டில் நடந்தது. அதனால் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஏன் கான்கூன் என்று மகள் சொன்னாளா? போட்டோ எடுக்க என்று நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். ஹெச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தால், இந்தியா வந்தால் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் தேதி வாங்கி, மறுபடி முத்திரை குத்தித்தான் திரும்ப முடியும். தேதி தள்ளிப்போனால் வேலை போகும். மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: 30 நாளுக்குள் திரும்பினால், அமெரிக்காவில் தங்க அனுமதி காட்டும் ஐ-94 பதிவு செல்லுபடியாக இருந்தால், பழைய முத்திரையோடு அமெரிக்காவுக்குள் நுழையலாம். என் தோழிகளில் பாதிப் பேர் மெக்சிகோவைத் தேர்ந்தெடுத்தது கடலுக்காக இல்லை, இதற்காக.

இன்னொன்று, தென்னை அண்ணனுக்கு. ரம்பத்தோடு வந்தவர் உங்கள் மச்சான். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவள் ஒரு தெலுங்குப் பெண், பக்கத்து அபார்ட்மென்ட். அவளும் எனக்குப் பங்காளிதான். அவள் தன் அறைக்குத் தானே கட்டினாள், அதில் அவளுக்கு வருத்தமில்லை, ஏனென்றால் இங்கே வழக்கம் அப்படி. டிக்கெட்டும் அறையும் போட்டு வந்தவர்களிடம் பரிசு எதிர்பார்ப்பதில்லை.

குடந்தைக் கணக்கு:
மருமகள் சொன்னது சரி, ஆனால் பாதி. அமெரிக்காவுக்குத் திரும்ப அந்த விதி உதவும். மெக்சிகோவுக்குள் எப்படிப் போவது? செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தேவையில்லை. முத்திரை காலாவதி என்றால் அங்குள்ள மெக்சிகோ துணைத் தூதரகத்தில் விசா எடுக்க வேண்டும். மன்னை ஐயா, இதை இன்றைக்கே மகளிடம் கேளுங்கள். ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை இது.

நீங்களும் வீட்டம்மாவும் போக வேண்டும் என்றால் மெக்சிகோ விசா தனி. அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், இறங்கி ஏறுவதற்கே அமெரிக்க ட்ரான்சிட் விசா கேட்பார்கள். ஐரோப்பா வழியாகப் போடுங்கள், அதிலும் எந்த விமான நிலையம் என்று பார்த்துப் போடுங்கள்.

எடிசன் மருமகள்:
ஆமாம், அதை விட்டுவிட்டேன். நாங்களும் அந்த விசா எடுத்தோம்.

திருவையாறு வடகரை:
எனக்கு ஒரு சின்ன சந்தேகம். முகூர்த்தம் எந்த ஊர்ப் பஞ்சாங்கப்படி?

கான்கூன் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். திதி என்பது சந்திரன் கணக்கு, உலகம் முழுக்க ஒரே நொடியில் முடியும். இங்கே சாயந்திரம் 5 மணி வரை தசமி என்றால், அங்கே அன்று காலை 6:30க்கே தசமி போய்விடும். உங்கள் ஜோசியர் 'காலை 7:30 - 9:00' என்று எழுதிக் கொடுத்ததை அப்படியே ரிசார்ட்காரனிடம் நீட்டினால் பிள்ளைகள் ஏகாதசியில் தாலி கட்டிக்கொள்வார்கள். ராகு காலமும் அந்த ஊர் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். அப்புறம் மேளம்? நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரம் எடுத்து வாசிக்க ஆள் போவாரா, இல்லை பென் டிரைவில் கெட்டி மேளமா?

எடிசன் மருமகள்:
பென் டிரைவ்தான் ஐயா. பொய் சொல்ல மாட்டேன்.

தரங்கம்பாடிக் காற்று:
கடற்கரைதான் வேண்டும் என்றால் எங்கள் ஊர் என்ன பாவம் செய்தது? டென்மார்க்காரன் 1620-ல் கோட்டை கட்டிய கரை. திருச்சியில் இறங்கினால் சாலை வழியாக வந்துவிடலாம். இங்கேயும் பேக்கேஜ் போடும் இடங்கள் டெல்டாவில் வந்துவிட்டன.

குடந்தைக் கணக்கு:
வந்துவிட்டன, ஆனால் கணக்கைப் பாருங்கள். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த மாதிரி இடங்களில் சாப்பாட்டுக்கும் அதே 18 வரும். வெளியிலிருந்து சமையல்காரரை உள்ளே விடுவதும் அவர்கள் இஷ்டம். 60 பேருக்குச் சரி. 800 பத்திரிகைக்கு வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பீர்கள்?

அதற்காக மண்டபம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. மண்டப வாடகை என்று சொல்வது ஆரம்பம்தான். கரண்ட்டு மீட்டர் பார்த்துத் தனி, ஜெனரேட்டருக்கு டீசல் தனி, துப்புரவு தனி, பாத்திரம் தனி, வாட்ச்மேனுக்கு வேட்டி தனி. ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவன் நான். காலி பண்ணும்போது வந்த சீட்டைப் பார்த்து 'எல்லாம் உட்பட' என்ற சொல் எவ்வளவு இனிப்பு என்று புரிந்தது.

ஆனால் அந்த இனிப்பில் ஒரு கசப்பும் உண்டு ஐயா. 210 டாலரில் டெக்கீலாவும் லாப்ஸ்டரும் அடங்கியிருக்கின்றன. உங்கள் வீட்டில் குடிக்காத, கவிச்சி சாப்பிடாத ஆள் எத்தனை பேர்? அவர்கள் நாலு நாள் பழமும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அடுத்தவன் சாராயத்துக்குக் கட்டுவார்கள்.

பேராவூரணித் தென்னை:
கேட்டீர்களா அண்ணே! கையில் ஒரு பட்டை கட்டுவார்களாமே, அதைக் காட்டினால்தான் சோறு. நம்மூரில் மாப்பிள்ளைக்குத்தான் கங்கணம். அங்கே சாப்பிட வந்தவனுக்குக் கங்கணம்.

எடிசன் மருமகள்:
சிரித்துவிட்டேன். ஆனால் தென்னை அண்ணே, உங்கள் மொய் விருந்திலும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுத்தானே கறிச்சோறு?

பேராவூரணித் தென்னை:
அது வேறு, இது வேறு.

எடிசன் மருமகள்:
எப்படி வேறு என்று சொல்லுங்களேன். உங்கள் ஊரில் வருகிறவர் தன் பங்கைக் கவரில் தருகிறார். இங்கே வருகிறவர் தன் பங்கை ரிசார்ட்டுக்குக் கட்டுகிறார். இரண்டிலும் யாரும் இலவசமாகச் சாப்பிடவில்லை.

பேராவூரணித் தென்னை:
தங்கச்சி, சொல்கிறேன். என் மொய் உன் வீட்டுக்கு வருகிறது. நாளைக்கு என் வீட்டுக்குத் திரும்பி வரும். இடையில் உன் மகள் படிப்புக்கோ, ஒரு போர் செட்டுக்கோ உதவியிருக்கும். நீ ரிசார்ட்டுக்குக் கட்டிய 840 டாலர் யார் வீட்டுக்குத் திரும்பும்? இன்னொன்று, என்னிடம் காசு இல்லாத வருஷம் நான் 101 எழுதிவிட்டு அதே இலையில் சாப்பிடுவேன். நோட்டு எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கான்கூனில் 101-க்கு அறை கிடைக்குமா?

திருவையாறு வடகரை:
இதற்குப் பதில் வரட்டும். நான் காபி போட்டுக்கொண்டு வருகிறேன்.

எடிசன் மருமகள்:
கிடைக்காது. ஒப்புக்கொள்கிறேன். என் கல்யாணத்துக்கு என் அத்தை வரவில்லை, காசு இல்லை என்று அவர் சொல்லவும் இல்லை, முட்டி வலி என்றார். எனக்குத் தெரியும்.

அதனால் மன்னை மாமாவுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் ஐயருக்கும், மேக்கப் போடும் பெண்ணுக்கும், போட்டோ எடுப்பவருக்கும் ஆளுக்கொரு 'வெளியாள் கட்டணம்' என்று ரிசார்ட்டில் போட்டார்கள். அக்னிக்கு அனுமதி எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு மணலில் ஒரு இரும்புத் தொட்டி வைத்து, பக்கத்தில் தீயணைப்புக் குப்பியோடு ஒரு ஆளை நிறுத்தினார்கள். கடல் காற்றில் ஹோமம் மூன்று முறை அணைந்தது. ஒவ்வொரு முறையும் அந்த ஆள் ஓடி வந்தார், ஐயர் அவரைப் பார்த்துக் கத்தினார், மந்திரம் எது திட்டு எது என்று தெரியவில்லை. வெளிச் சமையலை விடவில்லை, "எங்கள் செஃப்புக்கு சாம்பார் தெரியும்" என்றார்கள். தக்காளி சூப்பில் பருப்பும் சர்க்கரையும் போட்ட மாதிரி ஒன்று வந்தது. என் சித்தப்பா இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்.

அப்புறம் ஒப்பந்தத்தில் அறை எண்ணிக்கையைப் பாருங்கள். பிடித்து வைத்த அறைகள் நிரம்பாவிட்டால் மீதிக்கு நீங்கள் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். 60 பேர் வருவார்கள் என்று நினைத்தோம், 41 பேர் வந்தார்கள்.

குடந்தைக் கணக்கு:
சட்டம் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் அவர்கள் சிவில் பதிவாளர் முன்னால் நடந்தால்தான் சட்டப்படி கல்யாணம். மணலில் மந்திரம் சொல்லித் தாலி கட்டுவது அந்த நாட்டுக் கணக்கில் வெறும் விழா. அதனால் பெரும்பாலானவர்கள் நியூஜெர்சியிலேயே லைசென்ஸ் எடுத்துப் பதிவு செய்துவிட்டுத்தான் போவார்கள்.

தரங்கம்பாடிக் காற்று:
ஏன் தை? வைகாசியில் வைத்தால் ஊருக்கே வசதியாச்சே. தையில் சம்பா அறுப்பு, ஆள் யாரும் வயலை விட்டு வர முடியாது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. அதற்கு முன் வைகாசியில் டெல்டாவே சும்மா இருக்கும்.

எடிசன் மருமகள்:
கான்கூனுக்கு வைகாசி ஆகாது. அந்த மாதங்களில் பழுப்புக் கடற்பாசி கரை முழுக்க ஒதுங்கி நாறும். ஜூன் 1-லிருந்து நவம்பர் 30 வரை புயல் பருவம் வேறு. அங்கே தைதான் நல்ல காலம். அதனால்தான் விலையும் அதிகம்.

திருவையாறு வடகரை:
மன்னையிலேயே ஒரு மண்டபம் எடுத்து, பெரிய திரை கட்டி, நேரலையில் பார்க்கலாம் என்று அடுத்து யாராவது சொல்வீர்கள். கான்கூனில் காலை 7 மணி, இங்கே சாயந்திரம் 5:30. அட்சதையை எங்கே போடுவது, டிவி மேலேயா?

மன்னை மதில்:
மூன்று நாளாக எல்லாவற்றையும் படித்தேன். வீட்டிலும் பேசினேன்.

மருமகள் சொன்னதுதான். மகளிடம் முத்திரை பற்றிக் கேட்டேன். காலாவதி ஆகி ஒரு வருஷம் ஆகிறது. "சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லலப்பா" என்றாள். கடலும் படமும்தான் காரணம் என்று ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மெக்சிகோ விசாவுக்கு இரண்டு பேரும் விண்ணப்பிக்கிறார்கள்.

கான்கூன் நடக்கட்டும். அங்கே 60 இல்லை, 28 பேர். அந்த 28 பேரின் அறைக்கட்டணமும் நானும் சம்பந்தியும் பாதிப் பாதி. டெக்கீலாவுக்கும் சேர்த்துத்தான், என்ன செய்வது. பத்திரிகையில் 'தங்கள் செலவில்' என்ற வரி வராது, அதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. மகளுக்குக் கொஞ்சம் கோபம், அவள் தோழிகள் கட்டத் தயாராகத்தான் இருந்தார்களாம். இங்கே பெரிய விருந்து, பிள்ளைகளுக்கு முத்திரை கிடைத்து வரும்போது. வைகாசியாக இருந்தால் நல்லது.

அம்மாவிடம் சொன்னேன். "கடலைப் பார்த்துத்தான் கட்டணும்னா கோடியக்கரையில கட்டச் சொல்லேன்" என்றார். அவரை இன்னும் சமாதானப்படுத்தவில்லை.

பேராவூரணித் தென்னை:
தாலி கட்டி முடித்தபின் வைக்கிற விருந்துக்கு மொய் எழுதலாமா கூடாதா என்று எங்கள் ஊரில் கேட்டுச் சொல்கிறேன் அண்ணே. எழுதலாம் என்றுதான் சொல்வார்கள்.

எடிசன் மருமகள்:
மாமா, நீங்களும் அத்தையும் போகும்போது பெட்டியில் சாம்பார் பொடி ஒரு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த செஃப்பிடம் நான் பட்டது போதும்.

குடந்தைக் கணக்கு:
பொடிக்கும் வெளியாள் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.